தட்டில் இருப்பதை ஏற்கலாமா?

தட்டில் எதுவும் இல்லை. ஆனாலும் முதல் மெஷின் தலையில் சிவப்பு விளக்கை எரியவிட்டு, தட்டில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மழை விடாத சாயங்காலம். சூப்பர் மார்க்கெட்டுக்குள் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றமும் சோப்புத்தூள் வாசனையும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, சுவரோரம் குளிர்பெட்டிகள் இழுத்து இழுத்து மூச்சுவிட, வாசலில் ஈரச் செருப்புகள் சளக் சளக்கென்று வந்துபோய்க்கொண்டிருந்தன. போன மாதம் வரை இங்கே மூன்று கவுன்ட்டர்கள், மூன்று பெண்கள். வாடிக்கையாளர்களே ஸ்கேன் செய்து, காசு கட்டி, பையில் போட்டுக்கொண்டு போகும் மெஷின்கள் வந்ததும் இரண்டு பேரை அனுப்பிவிட்டு, மூன்றாவது கவுன்ட்டரில் இருந்த இவளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பெயர் மேற்பார்வை. செய்வது மெஷினுக்கு ஆயா வேலை. எடை ஒத்துவராவிட்டால் அது தட்டைப் படமெடுத்து இவள் கையிலிருக்கும் டேப்லெட்டுக்கு அனுப்பி, 'தட்டில் இருப்பதை ஏற்கலாமா?' என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள், ஆம், இல்லை.

முதல் நாளே மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "இல்லைன்னு அழுத்தினா மெஷின் நின்னுடும். நின்னா மேல இருக்கறவங்க என்னைக் கேக்க மாட்டாங்கம்மா. நீங்க எதுக்குன்னுதான் கேப்பாங்க." வீட்டில் வருமானம் என்று வருவது இவள் சம்பளம் ஒன்றுதான். அதனால் ஆம் என்று அழுத்தவே பழகியிருந்தாள். வருடக்கணக்காக பில் போட்ட கை வேறு. கண் ஆளைப் பார்க்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். இப்போதும் அப்படித்தான், பார்க்காமலேயே அழுத்திவிட்டாள். விளக்கு பச்சையானது. மெஷின் நன்றி சொன்னது.

அழுத்திய பிறகுதான், நகர்ந்துபோன படத்தில் என்னவோ மாதிரி இருந்ததே என்று உறுத்தியது. படத்தைத் திரும்ப இழுத்துப் பார்த்தாள்.

தட்டின்மேல் இரண்டு கைகள். உள்ளங்கை கீழே பதிந்து, விரல்கள் சற்று விரிந்து, யாரோ உத்தரவு தரக் காத்திருப்பதுபோல. மணிக்கட்டோடு முடிந்திருந்தன. வலது கட்டைவிரலில் நோட்டு எண்ணப் போடும் நீல ரப்பர் உறை. முதல் கவுன்ட்டரில் இருந்த பெரியக்காவைத் தவிர யாரும் நீல உறை போட்டதில்லை.

கேமராவில் அழுக்காக இருக்கும், பழைய படம் எதையாவது அனுப்பியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, துணியை எடுத்துத் தட்டைத் துடைத்தாள். வெறும் எஃகு, சில்லென்று இருந்தது. நடுவில் மட்டும், கை அகலத்துக்கு, வெதுவெதுப்பு.

பெரியக்காவுக்கு போன் போட்டாள். நலம் விசாரித்தாள். அக்காவின் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"இப்பதான்டி, கொஞ்ச நேரம் முன்னால. துணி மடிச்சிட்டு இருந்தேன், ரெண்டு கையும் சட்டுன்னு மரத்துப்போச்சு. பாத்தா கை இருக்கு. ஆனா என்னுது மாதிரி இல்ல."

ரத்த ஓட்டமாக இருக்கும், டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இரண்டாவது மெஷின் சிவந்தது.

குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் பால் பாக்கெட்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை. இந்தத் தடவை அவள் முதலில் படத்தைப் பார்த்தாள். சின்னக் கைகள். நகங்கள் கடித்துக் கடித்து மொட்டையாக இருந்தன. இரண்டாவது கவுன்ட்டர் பெண்ணுடையவை. கல்யாணமாகி வருடம்கூட ஆகாதவள், வேலை போன அன்று கழிவறையில் நின்று அழுதவள்.

இல்லை என்று அழுத்தவேண்டும். அவ்வளவுதான். விரலைக் கொண்டுபோனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"சீக்கிரம் பாருங்கம்மா," என்றார் குடைக்காரர். "ஆள் இல்லாட்டியே மெஷின் நல்லா ஓடும் போல."

அவள் ஆம் என்று அழுத்தினாள். தெரிந்தே அழுத்தினாள். எங்கோ ஒரு வீட்டில் ஒரு சின்னப் பெண்ணின் கையிலிருந்து எதுவோ நழுவி விழும் என்று தெரிந்தே அழுத்தினாள். தன் முகத்தில் தானே காறித் துப்பவேண்டும்போல இருந்தது. மெஷின் நன்றி சொன்னது.

குளிர்பெட்டிகளின் மூச்சு நின்றுவிட்டது. மழைச் சத்தமும் கேட்கவில்லை. சோப்புத்தூள் வாசனைக்குள் உடம்பு வாசனை ஒன்று கலந்திருந்தது, வியர்வையும் பழைய நோட்டும் சேர்ந்த வாசனை.

மூன்றாவது மெஷின்.

சிவப்பு.

பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

இடது சுட்டுவிரலில் அட்டைப்பெட்டி கிழித்த தழும்பு. மெலிந்த மோதிரம். கொஞ்சம் கோணலான சுண்டுவிரல்.

தழும்பை அவளுக்குத் தெரியும். மோதிரத்தையும்.

இல்லை. இல்லை. அழுத்தப் போனாள். விரல் வரவில்லை. தோள் அசைந்தது, முழங்கை அசைந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. 'ஏற்கலாமா?' என்ற கேள்வி திரையில் ஒரு தடவை மின்னி, அவளுக்காகக் காத்திராமல், 'ஏற்கப்பட்டது' என்று மாறியது. இனிமேல் அதற்கும் ஆள் வேண்டாம்.

டேப்லெட் நழுவித் தரையில் விழுந்தது. வலி இல்லை. ரத்தம் இல்லை. பெரியக்காவுக்காவது பார்க்கக் கை இருந்தது. இவளுடைய சீருடையின் கைமடிப்புகள் இரண்டும் காலியாகத் தொங்கின. கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

வரிசையில் நின்ற அம்மாள் ஒருத்தி, வழியில் கிடந்த டேப்லெட்டைத் தாண்டி மூன்றாவது மெஷினுக்குப் போய், பிஸ்கட் பாக்கெட்டைத் தட்டில் வைத்தாள். தரையில் கிடந்த திரையில் படம் அசைந்தது. தழும்பு விரல்கள் அந்தப் பாக்கெட்டை எடுத்து, பதமாகப் புரட்டி, பார்கோடு இருக்கும் பக்கத்தைத் தேடி ஸ்கேனர் ஒளிக்கு நேராகப் பிடித்தன.

விளக்கு பச்சையானது. அந்த அம்மாள் அடுத்த பாக்கெட்டை எடுத்து வைத்தாள்.