ஒட்வாரின் வலது கை

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் டிசம்பரில் மதியமும் இருட்டுதான். பனியை உதறி, காலணியைக் கழற்றிவிட்டு ஒட்வாரின் வீட்டுக்குள் நுழைந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியவில்லை, அதன் இரைச்சல் மட்டும் கேட்டது.

ஒட்வாருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, தொட்டாலும் தெரியாது. வாய் மட்டும் ஊரைச் சுற்றிவரும். உதவியாளர்களுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே: சொன்னதைச் செய், சொல்லாததைச் செய்யாதே. நாங்கள் அவருடைய கைகளாம், கைக்கு எதற்கு யோசனை என்பார்.

எனக்கு முன்னால் அவருக்குக் கையாக இருந்தவள் சிசெல். போன குளிர்காலத்தில் வேலைக்கு வரும் வழியில் அவள் காரோடு கடலில் மூழ்கிச் செத்துப்போனாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் நகராட்சி அவரை முதியோர் இல்லத்தில் தள்ளிவிடும், அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இதெல்லாம் தெரிந்தும்தான் வேலையை விடுகிறேன் என்று சொல்ல அன்று வந்திருந்தேன். மீன் ஆலையில் வேலை கிடைத்திருந்தது.

ஸ்ட்ராவில் காபி கொடுத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. மீன் நாற்றத்துக்குத் தன் நாற்றம் தேவலையே என்று கிண்டல் செய்யப் பார்த்தார், பாதியில் குரல் நின்றுவிட்டது. எனக்குக் குற்றவுணர்ச்சியாக இருந்தது. குவளையைக் கழுவும் சாக்கில் எழுந்துபோனேன்.

திரும்பி வந்தபோது அவருடைய வலது கை மார்பில் இருந்தது.

அதைத் தொடையோரம் வைத்ததே நான்தான். தசை இழுத்திருக்கும் என்று நினைத்து, பழையபடி எடுத்து வைத்தேன். கை நனைந்து சில்லென்றிருந்தது. உப்பும் பாசியும் கலந்த வாடை அடித்தது.

துண்டு எடுக்கத் திரும்பினேன்.

கை கழுத்தில் இருந்தது.

கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். தசை இழுத்தால் கை இப்படிப் பதமாக உட்காராது.

"ஒட்வார், உங்க கை..."

"தெரியும்," என்றார் கிசுகிசுப்பாக. "கழுத்துல எனக்கு உணர்ச்சி இருக்குல்ல. ஒவ்வொருத்தரும் விட்டுட்டுப் போறேன்னு சொல்றப்ப சிசெல் இப்படித்தான் வரா. இதுவரைக்கும் அடுத்த ஆள் இருந்தாங்க, விட்டுட்டா. இப்ப யாரும் இல்ல."

சிசெலிடம் ஒருநாள் போதையில் உளறியிருக்கிறார். தன்னை இல்லத்துக்கு அனுப்பும் நிலை வந்தால் அதற்கு முன்னால் முடித்துவிடு என்று. அவளும் சரி என்றிருக்கிறாள். சொன்னதைச் செய்யாமல் விட்டவள் இல்லை அவள்.

"வேணாம்னு சொல்லிடுங்களேன்."

"தினமும் சொல்றேன் யூருன். அவ காதுலயே விழல. எனக்குச் சாகப் பிடிக்கல."

விரல்கள் அழுந்தின.

அவர் முகம் சிவந்து, பிறகு உதடு நீலமானது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சூம்பிப்போன கைதான், ஆனால் இம்மியும் நகரவில்லை. அவர் கண் என் முகத்தைவிட்டு அகலவே இல்லை.

"சிசெல், விடு," என்றேன். "அவரை எங்கயும் அனுப்பமாட்டாங்க. நான் போகல. இங்கேயே இருக்கேன்."

பிடி தளர்ந்தது. ஒட்வார் இருமி இருமி மூச்சை இழுத்துக்கொண்டார். நான் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அவரைப் பிழைக்க வைக்க வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். எப்படியும் மாதக் கடைசியில் கிளம்பிவிடலாம் என்று மனசுக்குள் ஓடியது.

அப்போது அந்தக் கை கட்டிலிலிருந்து தொங்கி என் மணிக்கட்டைப் பற்றியது.

"இன்னும் ஏன் அழற?" என்றார் ஒட்வார், கூரையைப் பார்த்தபடி. "அதான் போயிட்டாளே."

தன் கை என்னைப் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. எலும்பு நொறுங்கும்போல இருந்தது. இடது கையால் போனை எடுத்து, மீன் ஆலையைக் கூப்பிட்டு, வேலை வேண்டாம் என்று சொல்லி முடித்த பிறகுதான் பிடி விட்டது.

மணிக்கட்டில் ஐந்து விரல்களின் ஈரம் இருந்தது. இப்போது கோடை வந்துவிட்டது, நான் இன்னும் ஒட்வாரிடம்தான் இருக்கிறேன். துடைத்துப் பார்க்கிறேன், அடுப்பில் காட்டிப் பார்க்கிறேன், அது காயவே இல்லை.