குன்றுக் கொட்டகையின் மாற்றுவழி

ஒரு மனுஷனின் பெயருக்கு என்ன விலை? அமல்தாஸைக் கேட்டால் பதினேழு வருஷம் என்பான். அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசின் இணையக் கேபிள் அத்தனையும் அவன் கையால் இழுத்தது. எட்டு மாசத்துக்கு முன் வேலைக்கு வந்த எல்வின், பேரமே பேசாமல் அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போகப் பார்த்தான். அவன் போட்ட மாற்றுவழியில், மண் சரிந்து கேபிள் அறுந்தால், கண் இமைப்பதற்குள் எல்லாம் குன்றுக் கொட்டகையின் ரேடியோ பெட்டி வழியாக ஓடத் தொடங்கிவிடுமாம். தோட்ட மேனேஜர் துரை சுப்பிரமணியம் அவன் தோளில் கைபோட்டு நடந்தார். அமல்தாஸின் தோளுக்கு அந்தக் கை ஒருநாளும் வந்ததில்லை.

நாலு மணிக்குச் சோதனை. மதியமே அமல்தாஸ் குன்றேறி, ரேடியோ பெட்டியின் ஒயரைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளிப் போட்டு, கொட்டகையைப் பூட்டிவிட்டு இறங்கியிருந்தான்.

துரை கோலாலம்பூரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கையில் எல்வின் பெரிய கேபிளை உருவினான்.

திரையில் முகம் உறையவில்லை. குரல் திக்கவில்லை.

"ஒரு சொல்லுகூட அறுந்து போகல லா, அண்ணே! கைதட்டுங்க, கைக்கு என்ன வாடகையா?"

அமல்தாஸ் தட்டினான். 

"தம்பி, மத்தியானத்துக்கு மேல குன்றுக்குப் போனியா?"

"எங்கண்ணே போறது? துரைதான் என்னை விடவே இல்லையே."

அந்தக் குத்தைச் சுமந்துகொண்டே, இடுப்பில் வாக்கிடாக்கியோடு அமல்தாஸ் மறுபடி குன்றேறினான். கவாத்து வெட்டிய செடிகளின் பச்சை வாசனையும் ஈரமண் வாசனையும் பனிமூட்டத்தோடு கூடவே ஏறிவர, கீழே கோலா தெர்லா பக்கம் போகும் லோரிகளின் உறுமல் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

பூட்டு போட்டபடி இருந்தது. திறந்தான்.

உள்ளே வெதுவெதுப்பு. ஈரத்தலைமுடியின் வாசனை. ஒயர் போட்ட இடத்திலேயே கிடந்தது. பெட்டியில் பச்சை விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது.

நடுவில் ஒரு முழம். வெறும் காற்று.

ஓடியிருக்கலாம். ஆனால் எல்வினின் சிரிப்பு ஞாபகம் வந்தது. எதுவாக இருந்தாலும் இப்போதே அறுக்கிறேன் என்று குனிந்து ஒயரைப் பற்றி இழுத்தான்.

வரவில்லை.

மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள். பிறகு, மெதுவாக, விட்டார்கள்.

அவன் விரல்கள் விரிய மறுத்தன. இடது கை தானாக எழுந்தது. பெட்டியை நோக்கி. தொட்டது. ஒட்டியது. விளக்கு ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. கத்த வாய் திறந்தான். கோலாலம்பூரோடு பேசும் துரையின் குரல் அந்த வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. எல்வின்.

"அண்ணே, கணக்கு இடிக்குது லா. சோதனைக்கு அனுப்பின டேட்டா பாக்கெட் நூறு. திரும்பி வந்தது நூத்தி ஒண்ணு."