அக்கா, போனை வை

இணைப்பு அறுந்ததில் ஆச்சரியமில்லை. அந்த வீட்டில் அது தினமும் அறுந்தது. அறுவதற்கு முன்னால் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் கேட்டதுதான் அவருக்குப் புதிது. மோடத்திலிருந்து வரவில்லை. கூடத்தைத் தாண்டி உள்ளே எங்கோ, யாரோ எதையோ மெதுவாகக் கையில் எடுத்த சத்தம்.

அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பது அவர் தொழில். வீட்டில் அவரும் சின்ன மகளும் மட்டும்தான். நர்ஸ் வேலைக்குக் கடல் கடந்து போன மனைவியோடு பேச, பொழுது சாயும் வேளையில் கம்ப்யூட்டர் முன் உட்காருவதுதான் ஒரே வழி. மோடம் போன் லைன் வழியாக எண்களைச் சுழற்றி, சளி கட்டிய தொண்டையைச் செருமுவது போல இரைந்து, கீச்சிட்டு, ஒரு வழியாக அடங்கியதும், திரையில் அவள் எழுதுவது வரிவரியாக வந்து விழும். இரண்டு வரி விழுந்ததும் இணைப்பு போய்விடும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

மெக்கானிக் வந்தான். வயரை மாற்றினான். மோடத்தின் வேகத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தான். வெளிச்சுவரில் மழைநீர் இறங்கித் துருப்பிடித்திருந்த பெட்டியைத் திறந்து, கம்பிகளைச் சுரண்டி மறுபடி முறுக்கினான். உங்கள் லைன் நத்தைக்கு அண்ணன் சார் என்று சிரித்தவன், பக்கத்தில் உட்கார்ந்து இணைப்பு அறுவதைக் கண்ணால் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். லைனில் இரைச்சல் இருந்தால் முதலில் வேகம் குறையும், திணறும், பிறகுதான் போகும். இது கத்தியால் வெட்டின மாதிரி போகிறதே என்றான்.

“ஒரே லைன்ல ரெண்டு போன் இருந்து, இன்னொண்ண யாராவது எடுத்தாத்தான் சார் இப்படி ஆகும். உள்ள வேற போன் இருக்கா?”

இருந்தது. அக்காவின் அறையில்.

அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. பக்கவாதத்தில் பேச்சுப் போய்ப் படுக்கையில் கிடந்தபோது, கட்டிலோரமாக வைத்துக் கொடுத்த போன் அது. அவளால் பேச முடியாது, கேட்பாள். கூடத்தில் போன் மணி அடித்தால் போதும், உள்ளே அவளும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். அவர் யாரோடு பேசினாலும் நடுவே அந்தக் கரகரத்த மூச்சு. “அக்கா, போனை வை” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். வைப்பாள். தம்பியை எவனும் ஏமாற்றிவிடக் கூடாதென்று காவல் காக்கிறாள் என்று மனைவி கேலி செய்வாள். அக்கா போய் ஒரு வருடமாகிறது. அதன்பின் அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

மெக்கானிக் போன பிறகு பூட்டைத் திறந்தார். தைலத்தின் வாடை, நேற்றுத்தான் தேய்த்தது போல முகத்தில் மோதியது. போன் அதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. எடுத்துப் பார்த்தார். வாய் வைத்துப் பேசும் துளைகள் ஈரமாக இருந்தன.

பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுநாள் மாலை ஒன்றைக் கவனித்தார். மனைவி தன் வேலையைப் பற்றி எழுதும்போதோ, சாப்பிட்டாயா என்று கேட்கும்போதோ எதுவும் ஆகவில்லை. ‘வீட்ல உங்க ரெண்டு பேரத் தவிர யாரும் இல்லையே?’ என்று திரையில் வந்தது. க்ளிக். மறுபடி இணைத்தார். ‘பாப்பா தனியா கதவத் திறந்திடுவாளா?’ க்ளிக்.

எரிச்சலில், பழக்கதோஷத்தில், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அக்கா, போனை வை.”

பூட்டிய அறைக்குள், ரிசீவரை அதன் இடத்தில் பதமாக வைக்கும் சத்தம்.

உள் அறையில் மகள் பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தாள். செத்தவள் உலவும் வீட்டிலா என் குழந்தை தூங்குகிறாள் என்று நினைத்தபோது, அக்கா மேல் வைத்திருந்த பாசமெல்லாம் எங்கோ போய்விட்டது. பயத்துக்கு உறவு தெரியாது. விடிந்ததும் முதல் வேலையாக அந்த அறைக்குப் போய் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அதையே போனைச் சுற்றி இறுக்கிக் கட்டி, தன் கண் பார்வையில் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் வைத்தார்.

அன்று மாலை இணைப்பு ஒரே தடவையில் கிடைத்தது. அறுபடவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மோடத்தின் பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்தது.

‘இன்னைக்கு லைன் நல்லா இருக்கே’ என்று அவள் எழுதினாள்.

‘கோளாறைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டேன்.’

‘கதவுத் தாழ்ப்பாள் பாப்பாவுக்கு எட்டுமா?’

அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. தொலைவில் இருக்கும் தாய்க்கு ஆயிரம் கவலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

‘மேல்தாழ் எட்டாது. கீழ்த்தாழ் எட்டும்.’

‘மேல்தாழ் போட்டிருக்கா?’

‘இல்ல.’

மழை ஓட்டில் இறங்கும் சத்தம். மோடத்தின் மெல்லிய ரீங்காரம். உள் அறையில் மகள் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

திரையில் ஒரு வரி.

‘வந்துட்டேன்.’

மேஜைக்கு அடியில் போன் அடித்தது.

குனிந்து பார்த்தார். வயர் சுற்றியபடியே இருந்தது. அதன் நுனி தரையில் கிடந்தது. மணி நிற்கவில்லை. ரிசீவரை உருவி எடுத்தார். அந்த மூச்சு. கரகரத்த, தெரிந்த மூச்சு. பிறகு, பேச்சே வராமல் செத்தவள், நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பேசினாள்.

“தம்பி... அது அவ இல்ல.”

வாசல் பக்கம் கீழ்த்தாழ் விலகியது.

“அப்பா, அம்மா கூப்பிடறா” என்றாள் மகள்.

திரும்பினார். கதவு திறந்திருந்தது. மழை. இருட்டு. அவர் மனைவி அவர் தோள் உயரம்தான் இருப்பாள். மகள் வாசலில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, இன்னும் சாய்த்து, கதவு நிலைக்கும் மேலே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொள்வதற்காக அவள் கை மேலே நீண்டிருந்தது. வெளியிலிருந்து நிலையின் மேல்விளிம்பை விரல்களால் பற்றிக்கொண்டு, அது உள்ளே வருவதற்காக மெதுவாகக் குனிந்தது.