ரோஜாப் பாத்தியைச் சுற்றிய பாட்டில்கள்

"மேடம், எங்க அத்தைய நான் அடிக்கல" என்றாள் விஜி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

செல்லப்பாண்டி சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தான். உத்தமபாளையத்தில் ஆட்டோ ஓட்டுபவன். ஜோதிலட்சுமியின் துப்பறியும் உதவியாளன் என்று தனக்குத் தானே பதவி கொடுத்துக்கொண்டவன். வீரபாண்டித் திருவிழாவில் வாங்கிய அந்தக் கண்ணாடியால் இதுவரை கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: மனைவி வைத்த ரசத்தில் கிடந்த எறும்பு.

ஜோதிலட்சுமி அவனைக் கண்டுகொள்ளவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வுபெற்றவர். மனிதர்களை உள்ளிருந்து பார்த்துப் பழகியதால், வெளித்தோற்றத்துக்கு அதிகம் மதிப்புக் கொடுக்கமாட்டார்.

"உக்காரும்மா. நீ அடிச்சதா யாரு சொல்றது?"

"எங்க மாமனாரு ஒச்சாண்டி. அத்தை இடுப்பு வலியில எந்திரிக்க முடியாமக் கெடந்தாக. நாந்தான் கூட்டிட்டுப் போயி படம் எடுத்தேன். எலும்புல ஏழெட்டு எடத்துல கீறல் இருக்கு, யாரோ அடிச்சிருக்காகன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பகல்ல அத்தைகூட வீட்ல இருக்கறது நான் ஒருத்திதான். நாலு மணிக்கு மாமா ஸ்டேசனுக்குப் புகார் குடுக்கப் போறாக."

"உன் வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

விஜி சேலை முந்தானையைப் பார்த்தாள். "'அடிச்சியா'ன்னு கேட்டாக."

"அடிச்சவ எதுக்கு மேடம் காசு குடுத்துப் படம் எடுக்கப் போறா?" என்றான் செல்லப்பாண்டி. வாழ்க்கையில் முதல்முறையாக உருப்படியாக ஏதோ சொல்லிவிட்டதாக அவனுக்கே தோன்றியது.

ஜோதிலட்சுமி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு உறைக்குள் மடங்கிக் கிடந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து, ஒரு வரியின் கீழ் நகத்தால் கோடு போட்டார். "இதை யாராச்சும் பாத்தாகளா?"

"இல்ல மேடம். படத்தப் பாத்ததுமே தீர்ப்புச் சொல்லிட்டாக."

"வண்டிய எடு, செல்லப்பாண்டி."

அனுமந்தன்பட்டியில் அந்த வீட்டு முற்றத்தில் ஒரு ரோஜாப் பாத்தி. அதைச் சுற்றி வரப்பு கட்டியதுபோல் சின்னச் சின்ன பாட்டில்கள், தலைகீழாகப் புதைக்கப்பட்டிருந்தன. நூற்றுப்பன்னிரண்டு வரை எண்ணிய செல்லப்பாண்டி குரலைத் தாழ்த்தினான். "மேடம், கிழவரு பெருங்குடிகாரரு!"

ஜோதிலட்சுமி ஒன்றைப் பிடுங்கி மோந்தார். அவனிடமும் நீட்டினார். புதினா வாசம்.

"மிட்டாய்க் குடிகாரரா?" என்றான், சுருதி இறங்கி.

உள்ளே கட்டிலில் விஜியின் மாமியார் மூக்கம்மாள் படுத்திருந்தாள். வெயில் கருக்கிய உடம்பு.

"காட்டு வேலையாத்தா?" என்று கேட்டார் ஜோதிலட்சுமி.

"நாப்பது வருசம் வெங்காயக் காடுதான். போன தை வரைக்கும் போனேன்."

"சாப்பாடு?"

"கேப்பைக் கூழு, மோரு. ஆனா எது தின்னாலும் நெஞ்சு எரியும். அவுகதான் சந்தைக்குப் போறப்பல்லாம் மருந்து ரெண்டு பாட்டில் வாங்கியாந்துருவாக. எட்டு வருசமாச்சு. வேளாவேளைக்கு மூடியில ஊத்தி என் வாயில வச்சிட்டுத்தான் மறுவேலை பாப்பாக." அந்த வலியிலும் கிழவியின் முகத்தில் ஒரு பெருமை. "விஜி என்னைய அடிக்கலன்னு நாலு நாளாச் சொல்றேன். பயத்துல சொல்றேங்கிறாக. எம் பேச்ச யாரு கேக்குறா?"

மூன்றரை மணி. வெள்ளை வேட்டியில் புறப்படத் தயாராக ஒச்சாண்டி, வாசலில் பைக் சாவியோடு மகன் சூரியபிரகாஷ், விஜியின் கணவன். ஜோதிலட்சுமி இருவரையும் கட்டிலருகே உட்காரவைத்தார்.

"அய்யா, இந்தப் படத்தப் பாருங்க. எடது தொடையில ஒரு கோடு, வலது தொடையில அதே எடத்துல ஒரு கோடு. விலாவும் அப்படித்தான், சோடி சோடியா. கோபத்துல அடிக்கிறவ ரெண்டு பக்கமும் அளவெடுத்தா அடிப்பா? மேல ஒரு தடிப்பாவது, கன்றிப்போன எடமாவது இருக்கா?"

"அப்ப எப்படி முறிஞ்சது?" என்றார் ஒச்சாண்டி.

"முறியல. இறுகல. எலும்புங்கறது ஒருதடவ கட்டி முடிச்ச சுவரு இல்ல. தெனமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் புதுசா இறுகும். இறுகுறதுக்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் வேணும். ஆத்தாவுக்கு வெயில்ல கெடைக்கிற சத்தும் குறையல, சுண்ணாம்புச் சத்து தர்ற கேப்பையும் மோரும் குறையல. ரத்தத்துல பாஸ்பரஸ் மட்டும் அடிமட்டத்துல கெடக்கு. சாப்பாட்டுல இருந்து வந்தத வயித்துக்குள்ளயே எதுவோ பிடிச்சு வெளிய தள்ளியிருக்கு."

"எது?" என்றான் சூரியபிரகாஷ்.

ஜோதிலட்சுமி பாட்டிலைக் கட்டிலில் வைத்தார். அதன் வாயில் ஈர மண் ஒட்டியிருந்தது.

"நெஞ்செரிச்சலுக்கு நல்ல மருந்துதான். நாலு நாளைக்கு. இதுல உள்ள அலுமினியம் பாஸ்பரச விடாது. எட்டு வருசம் குடிச்சா எலும்பு கரையும், புதுசு இறுகாது. நான் படம் எடுத்தவதான், டாக்டர் இல்ல. மதுரையில பெரிய டாக்டர்கிட்ட இந்தச் சீட்டக் காட்டுங்க. மருந்த நிறுத்தினா ஒட்டிக்கும்."

செல்லப்பாண்டி பூதக்கண்ணாடியைப் பைக்குள் தள்ளினான். குற்றவாளி பிடிபடும்போது கைதட்டத் தோன்றும் என்று நினைத்திருந்தான். கை எழவில்லை.

ஒச்சாண்டியின் கை தன்னிச்சையாக வேட்டி மடிப்புக்குப் போனது. அங்கே இன்றைய பாட்டில் இருந்தது, மூடிகூடத் திறக்காமல். எடுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"ஒரு வேளகூடத் தவறவிட்டதில்லையே தாயி" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"நீங்க தெரிஞ்சா குடுத்தீக?" என்று மூக்கம்மாள் அவர் பக்கம் கையை நீட்டினாள். எட்டவில்லை. அவர் நகரவும் இல்லை.

விஜியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சூரியபிரகாஷ் மட்டும் "காப்பி போடு விஜி, மேடம் வந்திருக்காகள்ல" என்றான்.

விஜி உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. கையில் துணிப்பையோடு வெளியே வந்தாள். மாமியாரின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டு நேராக ஆட்டோவில் போய் உட்கார்ந்தாள்.

"சின்னமனூருக்கு விடுங்கண்ணே. எங்கம்மா வீட்டுக்கு."

சூரியபிரகாஷ் வாசல்வரை ஓடிவந்தான். "விஜி, அதான் நீ அடிக்கலன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. "மேடம், அத்தைக்கு எலும்பு ஒட்ட எத்தன மாசமாகும்?"

"ஆறு மாசம்."

"அதுவரைக்கும் அத்தையப் பாக்க மட்டும் வருவேன்னு இவுககிட்டச் சொல்லுங்க. மத்தத அப்புறம் யோசிக்கலாம்."

செல்லப்பாண்டி வண்டியைக் கிளப்பினான். மீட்டர் போடவில்லை. அது ஓடி ஏழு வருடமாகிறது. ஆனாலும் இன்று போடாததைத் தன் தர்மக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். சின்னமனூர்வரை அவன் வாயையும் திறக்கவில்லை. அதற்குத்தான் அவன் மனைவி பிறகு ஆச்சரியப்பட்டாள்.