கூட்டுப் புருவக்காரன்

“யாருங்க அது... யாரு கரண்ட்ட நிப்பாட்டுனது?”

செவந்தி போட்ட சத்தத்தில் அழகுக்கலைப் பயிற்சி நிலையமே திரும்பிப் பார்த்தது. ஆவி விட்டுக்கொண்டிருந்த ஸ்டீமர் பொசுக்கென்று அடங்கிவிட்டது. மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஸ்டூல்மேல் நின்றிருந்தவன், வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

“நாந்தாங்க. இன்வெர்ட்டர் மாட்டுறேன். கொஞ்ச நேரம்...”

“இங்க எங்களுக்குப் பரீட்சை நடக்குதுங்க!”

“கரண்ட்டுக்கு அது தெரியாதுங்களே...”

செவந்தி பல்லைக் கடித்தாள். பகலில் பி.காம். கடைசி வருஷம், சாயங்காலம் கீழராஜ வீதி ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, ஞாயிற்றுக்கிழமை இந்தப் பயிற்சி. தூக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. இன்றைய செய்முறைத் தேர்வில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால்தான் சொந்தமாகக் கல்யாண ஆர்டர் பிடிக்க முடியும். இல்லாவிட்டால் காலமெல்லாம் பில்தான்!

கைப்பேசி அடித்தது. இவளுக்கு மாடலாக உட்கார வருவதாகச் சொன்ன தோழி பாசிலா.

“செவந்தி... மீமிசல்லேர்ந்து வந்த பஸ்ஸு அறந்தாங்கிகிட்ட நின்னுபோச்சுடி. நான் என்னடி செய்ய?”

என்ன செய்ய... நல்ல கேள்வி! தேர்வாளர் சந்தனமேரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “மாடல் இல்லன்னா அடுத்த பேட்ச்லதாம்மா.”

அடுத்த பேட்ச் எப்போது என்று அவருக்கே தெரியாது. செவந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த அறையில் சும்மா இருந்த ஒரே முகம் ஸ்டூல்மேல் இருந்தது.

“அண்ணே... கொஞ்சம் எறங்கி வாங்க.”

“எதுக்குங்க?”

“ஒங்க மூஞ்சி வேணும்.”

அவன் விழித்தான். அதற்குள் இவள் தேர்வாளரிடம் திரும்பிவிட்டாள். “ஆம்பளைக்குப் புருவம் இல்லியா மேடம்? பொம்பளதான் மாடல்னு எங்கயாச்சும் போட்டுருக்கா?”

சந்தனமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நடத்து.”

வெற்றிசெல்வன் என்று பெயர் சொல்லிவிட்டு, ஊசி போட வந்த பிள்ளை மாதிரி நாற்காலியில் சாய்ந்தான் அவன். நூலை விரல்களில் முறுக்கினாள்.

“தோலை நல்லா இழுத்துப் புடிச்சுக்கங்க. வலிக்காது.”

முதல் இழுப்பிலேயே, “ஆத்தாடி!” என்றான். கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் செவந்தி அந்தக் கண்களைப் பார்த்தாள். கரிய கண்கள்... மழை பெய்து ஓய்ந்த குளம் மாதிரி ததும்பிக்கொண்டு, அவளையே நம்பிக்கொண்டு... ‘ஏய் செவந்தி, புருவத்தைப் பாரு. கண்ணை எதுக்குடி பாக்குற?’ தன்னையே திட்டிக்கொண்டாள்.  திட்டி முடிப்பதற்குள் கை, பழகிய வேலையைக் கேட்காமலே செய்துவிட்டது... இரண்டு புருவங்களையும் சேர்த்து நடுவில் அடர்ந்திருந்த முடியைச் சுத்தமாக எடுத்துவிட்டது.

“நேர்த்தியா இருக்கும்மா. பாஸ்,” என்றார் சந்தனமேரி. செவந்திக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

வெற்றிசெல்வன் கண்ணாடியைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

“நடுவுல இருந்தது எங்கங்க?”

“எடுத்துட்டேன்... நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் இருக்கு.” நடு நெற்றியைத் தடவினான். “எங்கம்மாதான்...”

அதற்குப் பிறகு, யாரிடம் விசாரித்தானோ, தினமும் சாயங்காலம் அவன் ஜவுளிக்கடைக்கு வந்தான். வந்து ஒரு கர்ச்சீப் வாங்கினான். தினமும் ஒரு கர்ச்சீப்! பில் போட்டுப் போட்டு இவளுக்கு எரிச்சல்.

“சளி புடிச்சிருக்கா?”

“இல்லீங்க. அன்னைக்கு வந்த கண்ணீர் இன்னும் நிக்கல.”

இவள் முறைத்தாள். அவன் போனதும், ஏனோ, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் தனியாக வரவில்லை. முன்னால் அவன் அம்மா பொன்னுத்தாய் வந்தார்.

“எம்மவன் கூட்டுப் புருவத்தைச் செரச்சவ எவ?”

 பின்னால் வெற்றிசெல்வன் வெள்ளைச் சட்டையில், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவன் ராசியே அதுதான்! கூட்டுப் புருவக்கார மாப்பிள்ளைதான் வேணும்னு ஜோசியர் சொல்லித்தான் பொண்ணு வீட்டுல தேடி வந்தாக. இன்னைக்குப் பொண்ணு பாக்கப் போகணும்... இவன் இப்புடி நிக்கிறான்!”

“அது... வளந்துரும்மா.”

“வெளக்கு வெக்கிறதுக்குள்ள வளருமா? எடுத்தவ நீதானே, நீயே வரஞ்சு விடு. இல்லாட்டி ஒங்க மேடத்துக்கிட்டப் போயி, கேக்காம கொள்ளாம எடுத்துட்டான்னு சொல்லி, ஒன் சர்ட்டிபிகேட்ட நிறுத்திப்புடுவேன்!”

கேட்காமல் எடுத்தது உண்மைதானே... சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. செவந்தி பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்தாள்.

பொண்ணுக்குப் புடவையும் இங்கேயே எடுப்பதாகப் பொன்னுத்தாய் சொன்னதும் முதலாளி ட்ரையல் ரூமைத் திறந்துவிட்டார். நாளைக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை. பில்லுக்கு வரிசை வாசல்வரை நிற்கிறது. இதற்கு நடுவில் ஓர் ஆம்பளைக்குப் புருவம் வரைய வேண்டும்... அதுவும் அவன் இன்னொருத்தியைப் பார்க்கப் போவதற்கு! அந்த நினைப்பு சுருக்கென்று குத்தியது. குத்தியதில் கோபம் இன்னும் ஏறியது.

“பொண்ணு பாக்கப் போறத ஒரு வார்த்த சொல்லல...”

“எனக்கே இப்பத்தாங்க சொன்னாக. செவந்தி, நான்...”

“பேசாதீங்க. கோணிரும்.”

ஒவ்வொரு முடியாக வரைந்தாள். மணப்பெண் எவ்வளவு அழுதாலும் அழியாத பென்சிலால் வரைந்தாள். தன் வேலையை யாரும் குறை சொல்லக்கூடாது என்ற வீம்பு. கண்ணில் முட்டிய நீரை உள்ளேயே நிறுத்திக்கொண்டாள்.

“முடிஞ்சிருச்சு அண்ணே. போங்க.”

அந்த ‘அண்ணே’யில் அவன் முகம் சுருங்கியது. அம்மாவுக்குப் பரம திருப்தி. ஆட்டோ கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது... செவந்தி கைலிக்குப் பட்டுப்புடவை விலை போட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினாள்.

கடை மூடும் நேரம், கடைசி வரிசைக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஓர் உருவம். சொட்டச் சொட்ட நனைந்த வெற்றிசெல்வன். நெற்றி தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. நடுவில் புருவம் மட்டும் கம்பீரமாக இருந்தது.

“என்ன பென்சில்ங்க அது? பாதி வழியில எறங்கி மழையில நின்னேன். சோப்பு வாங்கித் தேச்சேன். போகவே மாட்டேங்குது!”

“எதுக்கு... எதுக்கு அழிக்கணும்?”

“வரஞ்ச புருவத்தக் காட்டி ஒரு பொண்ண ஏமாத்த முடியாதுங்க. அந்த வீட்டுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுட்டேன். எடுக்கச் சொன்னது நாந்தான்னு ஒங்க மேடத்துக்கிட்டயும் சொல்லிருவேன். ஒங்க சர்ட்டிபிகேட்டுக்கு ஒண்ணும் ஆகாது.” மூச்சு வாங்கினான். “எனக்கு ஒங்களத்தாங்க புடிச்சிருக்கு.”

“ஒங்கம்மா?”

“வெளிய ஆட்டோவுல இருக்காக. என்னையத் திட்டிக்கிட்டு.”

வரிசையில் நின்றவர்கள் பில்லை மறந்துவிட்டார்கள். செவந்தி பையிலிருந்து பஞ்சையும் ரிமூவரையும் எடுத்தாள். கல்லாவை விட்டு வெளியே வந்தாள். இதைத் துடைத்தால் அந்த அம்மா என்ன செய்வார்களோ... செய்யட்டும். எத்தனை கல்யாண ஆர்டர் போனாலும் இவனை விட முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எட்டி, பஞ்சை அவன் நெற்றியில் வைத்தாள். 

“ஏத்தா!” ஆட்டோவுக்குள்ளிருந்து குரல் சீறியது. “தொடைக்கிறதுன்னா முழுசாத் தொடை! பாதிப் புருவத்தோட இவன எப்புடி ஊருக்குள்ள கூட்டிட்டுப் போவேன்?”

செவந்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழுத்தித் துடைத்தாள்.

“நாளைக்கு எனக்குப் பரீட்சை... படிப்பு முடியணும், பார்லர் வெக்கணும். அதுவரைக்கும் காத்திருக்கணும். கர்ச்சீப் வாங்க வரக்கூடாது.”

“சரிங்க... அப்ப ஒங்களுக்கு...?”

“எனக்கும் ஒங்களப் புடிச்சிருக்கு,” என்றாள் செவந்தி, அவன் கண்களை நேராகப் பார்த்து.