ஒண்ணாங்கிளாஸ் கதவு

ஒன்றாம் வகுப்புச் சுவரில் அந்தக் கறைகள் மறுபடியும் வந்திருந்தன. பொன்விழாவுக்காகப் பள்ளிக்கூடம் முழுக்க சுண்ணாம்பு அடித்தாயிற்று. மற்ற அறைகளெல்லாம் பளிச்சென்று இருக்க, எல்லாவற்றிலும் பழையதான இந்த அறையில் மட்டும், கதவை ஒட்டிய சுவரில், தரையில் உட்கார்ந்தவர்கள் தலை சாய்த்த உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்குப்போல வட்டம் வட்டமாக ஊறியிருந்தது.

கிருபாராணி டீச்சர் அதைப் பார்க்காமல் நாற்காலிமேல் ஏறிக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். விழாவில் பள்ளியின் வரலாற்றைச் சொல்ல வேண்டியவளும் அவள்தான். "ஊர்ப் பெரியவங்க கட்டிக் குடுத்ததுன்னு சுருக்கமா முடிச்சிருங்கம்மா" என்றிருந்தார் தலைமையாசிரியர் நாராயணப்பன். கூட்டிப் பெருக்கும் கெம்பம்மா சொன்னதோ வேறு. மைசூர்ச் சீமையில் பிளேக் பரவிய காலத்தில், எல்லை தாண்டி ஓசூர் ரோட்டில் வந்தவர்களை மறித்து இந்த அறையில்தான் அடைத்தார்களாம். சன்னல் வழியாகக் கஞ்சி ஊற்றினார்களாம். உள்ளே ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டியது தெரிந்ததும் காவலாட்கள் கதவைத் திறக்காமலே ஓடிப்போனார்களாம். வெகுகாலம் கழித்துத்தான் அங்கே கரும்பலகை வந்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின்மேல் விழுந்த இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. உயரத்திலிருந்த கம்பிச் சன்னல்கள் மங்கி, மூலைகள் இருட்டி, ஈரச் சுண்ணாம்பின் நெடிக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்லக் கிளம்பியது. பல நாள் குளிக்காத உடம்புகளின் வாடை. நிறைய உடம்புகள்.

மழை சற்றுத் தணிந்ததும் அவள் நாற்காலியிலிருந்து கீழே இறங்கினாள். கதவு சாத்தியிருந்தது. சாரல் அடிக்கிறதென்று கெம்பம்மா வெளியே தாழ் போட்டிருப்பாள். உள்பக்கம் தாழே கிடையாது.

தட்டினாள். "கெம்பம்மா! கதவத் தொறங்க!"

வராந்தாவில் துடைப்பம் உரசும் ஓசை நின்றது.

"நான்தான், கிருபாராணி டீச்சர். உள்ளதான் இருக்கேன்."

"டீச்சரு வூட்டுக்குப் போயிட்டாங்க." கெம்பம்மாவின் குரல் நடுங்கியது. "நேத்தும் அவங்க கொரல்லதான் கூப்ட்டீங்க. நான் தொறக்கமாட்டேன். தேவரே, சாமி, என்னை வுட்டுருங்க."

கிருபாராணி தட்டுவதை நிறுத்தினாள். நேற்று அவள் பள்ளி விட்டதுமே கிளம்பிவிட்டாளே.

"அய்யோ, நல்லாக் கேளுங்க கெம்பம்மா. உங்க பேத்தி முனிலட்சுமிக்கு நான்தானே கைபிடிச்சு எழுதப் பழக்கினேன்?"

"உங்க பேத்தி முனிலட்சுமிக்கு நான்தானே கைபிடிச்சு எழுதப் பழக்கினேன்?"

இரண்டாவது குரல் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவளுடைய குரலேதான். அதே கெஞ்சல். பிறகு சுவரோரத்திலிருந்து ஒன்று. பிறகு கரும்பலகைக்குக் கீழிருந்து. பிறகு, மிக அருகே, அவள் முழங்கால் உயரத்தில்.

வெளியே கெம்பம்மா ஓவென்று அலறினாள். காலடிகள் படியிறங்கி, மழைக்குள் ஓடி, கரைந்தன.

"போகாதீங்க!"

"போகாதீங்க!" என்றது அறை.

அவள் கதவை அறைந்தாள். இரண்டு கைகளாலும். கதவு அதிர்ந்தது. அவள் கைகளை எடுத்துக்கொண்டாள்.

கதவு அதிர்ந்துகொண்டேயிருந்தது.

திரும்பக் கூடாது. திரும்பக் கூடாது. கர்த்தரே.

மின்னல் வெட்டியபோது தன்னையறியாமல் திரும்பிவிட்டாள். அறை நிறைய ஆட்கள். தோளோடு தோள் ஒட்டி, மூட்டை முடிச்சுகளோடு, கஞ்சிக்குக் காத்திருக்கும் பொறுமையோடு கதவையே பார்த்தபடி நின்றார்கள். கழுத்தடியில் முட்டை முட்டையாக வீங்கியிருந்தது. முன்னால் நின்றவள் இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, பக்கத்திலிருந்தவர்களை முழங்கையால் மெல்லத் தள்ளி, கிருபாராணி நிற்பதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.