நான்காம் பெட்டியில் ஆடியவர்

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் திருடி இல்லைன்னு நீங்க நிரூபிக்கணும். இல்லேன்னா மூணு வருஷம் நான் வேலையே செய்யலைன்னு ஆயிடும்."

திங்கட்கிழமை காலை எமில் குபேனாவின் அலுவலகத்துக்குள் வந்த நதாலி ப்ரூசார், நாற்காலியைக்கூடப் பார்க்காமல் நின்றபடியே இதைச் சொன்னாள். ஆஸ்டின் நகரின் தெற்கில், ஒரு டாக்கோ கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். எமில் இருபத்திரண்டு வருஷம் கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளையும் திருட்டுகளையும் விசாரித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துபவர். அவசரம் என்ற சொல்லை அவர் அகராதியில் பார்த்திருக்கலாம், வாழ்க்கையில் பார்த்ததில்லை. அங்கே பக்கத்து மேஜையில் இருந்த ரமோனா அவரோடு சேர்ந்து வேலையை விட்டு வந்தவள். அவர் பேசாத பேச்சையெல்லாம் அவள் பேசுவாள். அவள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி ஊற்றிக் கொடுத்து, விஷயத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

நதாலி வேலை பார்த்தது ஒரு வீடியோ கேம் ஸ்டுடியோவில். அவர்கள் செய்த 'இரும்புத் தூக்கம்' என்ற ஆட்டத்தை இந்த ஊரில் ஆடாதவன் பாதி மனிதன். மூளைக்குள் கம்பி ஓடும் மனிதர்கள், அரசாங்கத்தையே விலைக்கு வாங்கிய கம்பெனிகள், விடியாத ஒரு எதிர்கால நகரம். ஒரு பூட்டிய கதவைத் தாண்ட அதில் ஐந்து வழி இருக்கும். ஆறாவதை நாமே கண்டுபிடிப்போம். இந்தக் கதையைச் சொல்கிற நானே அது வந்த வருஷம் பல்லுகூட ஒழுங்காகத் துலக்கவில்லை.

இப்போது இரண்டாம் பாகம். அறிவிப்பு வந்த நாளிலிருந்தே சண்டைதான். முதல் ஆட்டம் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியது. இதை டிவியில் மாட்டி ஆடும் பெட்டியிலும் ஓட வைக்க வேண்டும் என்று முதலீடு செய்த கம்பெனி கட்டளையிட்டுவிட்டது. அந்தப் பெட்டிக்கு நினைவாற்றல் குறைவு. அதனால் ஒரே மூச்சில் சுற்றித் திரிந்த நகரத்தைத் துண்டு போட்டு, தெருமுனைக்குத் தெருமுனை ஒரு கதவை வைத்தார்கள். கதவைத் திறந்தால் அடுத்த துண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். ரசிகர்கள் கொதித்தார்கள். ஸ்டுடியோவுக்குள்ளேயே இரண்டு கட்சி. அந்த நகரத்தை வரைந்து கட்டிய தலைமை வடிவமைப்பாளர் நதாலி.

போன வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு ரசிகர்களின் இணைய மன்றத்தில் ஆறு நிமிஷ வீடியோ ஒன்று வந்தது. இரண்டாம் பாகத்தின் கடைசிக் கட்டம். முதல் ஆட்டத்தில் எல்லோரும் உயிராக நேசித்த நாயகன் இதில் வில்லனாகிச் சாகிறான் என்ற ரகசியம் அம்பலமாகிவிட்டது. வீடியோவின் தொடக்கத்தில் 'நதாலி' என்ற பெயர் திரையில் தெரிந்தது.

"அது என்னோட மெமரி கார்டு, போட்டதும் என் பேரு வரும்," என்றாள் நதாலி. "கடைசிக் கட்டம் வரைக்கும் ஆடி முடிச்ச கார்டு அது ஒண்ணுதான். ஆனா எல்லாரோட கார்டும் டெஸ்ட் ரூம்ல ஒரு பிஸ்கட் டப்பாவுலதான் கிடக்கும். யார் வேணா எடுக்கலாம்."

ஸ்டுடியோ தலைவர் மார்கஸ் ஹெல்ம் அதைக் கேட்கத் தயாராக இல்லை. முதலீட்டாளர்களுக்கு ஒரு தலை வேண்டும். நாளை ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்து, தட்டுகளாக அச்சுக்குப் போகிறது. அதற்குள் அவள் ராஜினாமா செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலை போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிகிற நாளில் வேலையில் இருப்பவர்களின் பெயர்தான் கடைசியில் ஓடும் பட்டியலில் வரும். ஒரு நாள் முன்னால் போனாலும், மூன்று வருஷ உழைப்புக்கு ஒரு எழுத்து மிஞ்சாது. அடுத்த இடத்தில் போய் 'அது நான் கட்டிய நகரம்' என்றால் யார் நம்புவார்கள்? அதைக் கேட்ட ரமோனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எமில் கேட்டது ஒரே கேள்வி. வியாழக்கிழமை மதியம் அவள் எங்கே இருந்தாள்?

பார்ட்டன் ஊற்றில் தனியாக நீந்திக்கொண்டிருந்தாளாம். பார்த்த சாட்சி, தண்ணீரில் கிடந்த ஆமைகள்தான்.

அன்று மதியமே எமிலும் ரமோனாவும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் ஆட்டத்தின் புதிய பதிப்புள்ள தட்டு டெஸ்ட் அறைக்கு வந்திருக்கிறது. வீடியோவின் மூலையில் அந்தத் தட்டின் எண் இருந்தது. பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை ஒரு பிறந்தநாளுக்காக ஊழியர்கள் கூண்டோடு பார்பிக்யூ சாப்பிடப் போய்விட்டார்கள். அறை காலியாக இருந்தது அப்போது மட்டும்தான். பிழைகளைப் பதிவு செய்வதற்காக ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு வி.சி.ஆர். மாட்டியிருந்தார்கள். நான்காம் பெட்டியின் நாடாவைக் காணவில்லை. அறைக் கதவுப் பூட்டின் எண் ஊழியர்களுக்கு மட்டுமே தெரியும். விருந்துக்குப் போகாதவர்கள் மூன்றே பேர்: நதாலி, தலைவர் ஹெல்ம், தலைமைப் புரோகிராமர் வெஸ்லி டங்கன்.

டெஸ்ட் அறையின் பொறுப்பாளர் பியா ஒகாம்போ வாயாடி. நதாலி மேல் அவளுக்குக் கோபமும் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை கடைசிக் கட்டத்தைச் சரிபார்க்க நதாலியின் கார்டைப் போட்டாளாம். மேலே பார்க்கக் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளினால் திரை தரையைப் பார்த்ததாம், கீழே இழுத்தால் வானத்தைப் பார்த்ததாம். எதிரி சுட்டுத் தள்ளிவிட்டான். அடுத்தவர் கார்டை ஆடப்போகிறார்கள் என்ற எண்ணமே இல்லாமல் நதாலி எதையாவது மாற்றி வைத்துவிட்டுப் போவாள் என்று திட்டித் தீர்த்தாள். எமில் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, அந்த மாற்றம் எங்கே பதிவாகும் என்று மட்டும் விசாரித்தார். கார்டிலேயே பதிவாகும் என்றாள் பியா.

வெஸ்லியின் அறையில் மேஜை தெரியாத அளவுக்குக் காகிதம். கூரையிலிருந்து நூலில் ஐந்தாறு பொம்மைப் போர்விமானங்கள் தொங்கின. இங்கே வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் விமானம் ஓட்டும் ஆட்டங்கள் செய்தவன். 'இரும்புத் தூக்கம்' ஓடியதே அவன் எழுதிய நிரல்களின் மேல்தான். வியாழக்கிழமை மதியம் இதே நாற்காலியில் சாண்ட்விச் தின்றேன் என்றான். நதாலிக்கு இப்படி ஆனது வருத்தம் என்றும் சொன்னான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

ஹெல்ம் அந்த இரண்டு மணி நேரமும் கலிபோர்னியாவில் இருக்கும் முதலீட்டுக் கம்பெனியோடு தொலைபேசியில் இருந்தார்.

வெளியே வந்ததும் ரமோனா பொரிந்து தள்ளினாள். இது தலைவரின் வேலைதான், காசில்லாத விளம்பரம், ஊரே இந்த ஆட்டத்தைப் பற்றித்தானே பேசுகிறது என்று அடித்துச் சொன்னாள். கலிபோர்னியா முனையில் நாலு பேர் அவரோடு பேசியிருக்கிறார்கள் என்று எமில் நினைவூட்டியதும் அவள் முகம் தொங்கிப்போனது.

"அப்ப உங்களுக்கு யார்னு தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்ச மாதிரி இருக்கு. நாளைக்குக் கையைப் பாத்துட்டு சொல்றேன்."

"கைரேகை ஜோசியமா பண்றீங்க?" என்றாள் ரமோனா. எமில் சிரித்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு டெஸ்ட் அறையில் ஹெல்ம், நதாலி, பியா, வெஸ்லி நால்வரையும் கூட்டி வைத்தார் எமில். தனக்கு இந்த ஆட்டம் ஒரு மண்ணும் புரியவில்லை, ஆளுக்கு இரண்டு நிமிஷம் ஆடிக் காட்டினால் புண்ணியமாகப் போகும் என்றார். ஒவ்வொருவருக்கும் உறை பிரிக்காத புது மெமரி கார்டு. ஹெல்ம் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பியா கன்ட்ரோலரை வாங்கியதும் நேராகத் தெருவில் இறங்கி ஓடினாள். நதாலியும் அப்படித்தான். பிறகு வெஸ்லி. புதுத் தட்டில் வெளிச்சம் இன்னும் சரியாகவில்லை என்று பியாவிடம் சொல்லிக்கொண்டே வாங்கினான். கட்டைவிரல் ஒரு பொத்தானை அமுக்கியது, திரையில் ஒரு பட்டியல் வந்தது, இரண்டு கீழே, ஒன்று வலது பக்கம், பட்டியல் மறைந்தது. அதற்குப் பிறகுதான் தெருவில் இறங்கினான். பேச்சு நிற்கவே இல்லை.

"இப்ப என்ன பண்ணீங்க?" என்றார் எமில்.

"ஒண்ணும் பண்ணலியே. இப்பதான ஆரம்பிச்சேன்."

எமில் கன்ட்ரோலரை வாங்கி பியாவிடம் நீட்டினார். அவள் மேலே பார்க்கக் குச்சியைத் தள்ளினாள். திரை தரையைப் பார்த்தது. பியாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"நான் திருட்டுக் கார் கேஸ் நிறையப் பாத்தவன்," என்றார் எமில். "அடுத்தவன் காரை எடுக்கிறவன் ரொம்ப உஷாரா இருப்பான். ரேகையைத் துடைப்பான், பெட்ரோல்கூடப் போட்டு வைப்பான். ஆனா ஏறினதும் சீட்டைத் தன் காலுக்குத் தக்கபடி நகத்தினது அவனுக்கு ஞாபகமே இருக்காது. திருப்பி வைக்க மாட்டான். விமானம் ஓட்டிப் பழகின கைக்கு, குச்சியை முன்னாடி தள்ளினா விமானத்தோட மூக்கு கீழ போகணும். அதனால எந்த ஆட்டத்துல உக்காந்தாலும் முதல்ல அதை மாத்திக்கும். வெள்ளிக்கிழமை நதாலியோட கார்டு தலைகீழா இருந்துது. நதாலி அப்படி ஆடறதில்லை, இப்ப எல்லாரும் பாத்தோம். பியா, உங்க டெஸ்டர்கள்ல இப்படி ஆடறவங்க உண்டா?"

"ரெண்டு பேரு இருக்காங்க. ரெண்டு பேரும் அன்னிக்கு எனக்கு எதிர்ல உக்காந்து எலும்பு கடிச்சிட்டு இருந்தாங்க."

வெஸ்லி சிரிக்கப் பார்த்தான். கட்டைவிரல் அசைந்ததற்குத் தண்டனையா, இது ஒரு சாட்சியமா என்று கேட்டான்.

"கோர்ட்டுக்குப் போதாது," என்றார் எமில். "நான் கோர்ட்டு இல்ல. உங்களுக்கு அவங்க மேல பகை இல்லைன்னு எனக்குத் தெரியும். கடைசிக் கட்டம் அந்தக் கார்டுல மட்டும்தான் இருந்துது, அதான் எடுத்தீங்க. ஆனா பழி அவங்க மேல விழுந்தப்ப நாலு நாள் சும்மா இருந்துட்டீங்க. இன்னும் ரெண்டு மணி நேரத்துல அவங்க பேரை அழிக்கப்போறாங்க. அதையும் பாத்துட்டு உக்காந்திருப்பீங்களா?"

வெஸ்லி முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

ரசிகர்கள் கத்தினால் கம்பெனி பயந்து ஆறு மாதம் தள்ளிப் போடும், அதற்குள் அந்தக் கதவுகளையெல்லாம் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தேன் என்றான். முதல் நகரத்துக்காகப் பத்து மாதம் தூங்காதவன் தான் என்றும், அதைக் கசாப்புக்கடை மாதிரி வெட்டிப் போட்டதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றும் சொன்னான். தொடக்கத்தில் நதாலியின் பெயர் தெரிந்ததை, மன்றத்தில் வீடியோ வந்த பிறகுதான் கவனித்திருக்கிறான்.

நதாலி அழவில்லை. "அந்தக் கதவு ஒவ்வொண்ணுக்கும் நானும் சண்டை போட்டேன் வெஸ். தோத்தேன். தோத்த பிறகு, அந்த இடத்துக்குள்ள எவ்வளவு நல்லாக் கட்ட முடியுமோ அவ்வளவு கட்டினேன். நீ என்ன பண்ணே?"

ஹெல்ம் சங்கடத்தோடு தொண்டையைச் செருமி, நதாலியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் பெயர் இருக்கும், வெஸ்லி இந்த நிமிஷமே வெளியேற வேண்டும், அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றார்.

"எடுத்துடுங்க," என்றான் வெஸ்லி. சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "நானே கேக்கணும்னு இருந்தேன். இந்த ஆட்டத்துல என் பேரு வேண்டாம். எனக்கு முதல் பாகம் போதும்."

அதுவரை பொறுமையாக இருந்த நதாலிக்கு அப்போதுதான் முகம் சிவந்தது. திருட்டுப் பட்டம் சுமந்தபோதுகூட அவள் இப்படிக் கொதிக்கவில்லை என்று ரமோனா பிறகு சொன்னாள்.

"முடியாது," என்றாள் நதாலி ஹெல்மிடம். "முடிக்கிற நாள்ல வேலையில இருக்கிறவங்க பேரு வரும். இதுதான நம்ம வழக்கம்? இதைக் காட்டித்தான என் பேரை அழிக்க வந்தீங்க? இன்னிக்குத்தான் முடிக்கிற நாள். இவன் இங்கதான் இருக்கான். வர்ற திட்டுல இவனுக்கும் பங்கு வரட்டும். அஞ்சு மணிக்கு ஆட்டம் அச்சுக்குப் போகட்டும். அஞ்சு அஞ்சுக்கு இவனை அனுப்புங்க."

ஹெல்ம் எமிலைப் பார்த்தார். எமில் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, இது தன்னிடம் கேட்கிற விஷயம் இல்லை என்றார். கடைசியில் ஹெல்ம் தலையை ஆட்டினார்.

டிசம்பரில் ஆட்டம் கடைகளுக்கு வந்தது. இன்றுவரை சண்டை ஓயவில்லை. பாதிப் பேர் அந்த நகரத்தில் வீடு கட்டிக் குடியேறாத குறை. மீதிப் பேர் அந்தக் கதவுகளைச் செய்தவன் நாசமாகப் போக என்று சாபம் விடுகிறார்கள். பட்டியல் ஓடும்போது நதாலி ப்ரூசார் என்ற பெயர் தனித் திரையில் வருகிறது. அடுத்த திரையில், புரோகிராமர்களுக்குத் தலையில், வெஸ்லி டங்கன். திட்டுகிறவர்கள் யாரும் அவனை விட்டுவிட்டுத் திட்டுவதில்லை.